நாகலூர் மலையில் ஐப்பசிப் பறவைகள்: அன்றும் இன்றும்

ஒரு பறவை அரியதா இல்லையா என்பதை ஒரு காலத்தில் துப்பாக்கிதான் தீர்மானித்தது. கையில் கிடைத்தால்தான் கணக்கு. கண்ணால் கண்டது கணக்கில் சேராது. சுட்ட பறவையின் தோலை உரித்து, உட்புறம் ஆர்சனிக் சோப்பு தடவி, பஞ்சடைத்துத் தைத்து, காலில் ஒரு சீட்டைக் கட்டுவார்கள். ஊர், உயரம், தேதி, ஆணா பெண்ணா, சேகரித்தவர் யார் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். சேர்வராயன் மலையின் பறவைகளை வெளியுலகம் அறிந்தது இப்படிப்பட்ட சீட்டுகள் வழியாகத்தான். இன்று அதே மலையில், நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வழியில் நிற்கும் ஒரு கல்லூரி மாணவி, கிளையில் இருக்கும் குருவியைப் பார்க்கிறாள், படம் எடுக்கிறாள், கைப்பேசியில் அதன் பெயரைத் தட்டிவிட்டு நடக்கிறாள். குருவி கிளையிலேயே இருக்கிறது. அரிய பறவையைத் தேடும் வேலையில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று: தேடுகிறவர் யார் என்பதே மாறியிருக்கிறது.

இந்த மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் படகுத்துறை, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். நாகலூர் அந்தச் சுற்றில் இறங்கிப் பார்க்கிற ஊர் அல்ல. காப்பி, மிளகு, நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், இடையிடையே பழைய பலாவும் அத்தியும், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், சரிவில் திடீரென்று தலைநீட்டும் பாறைகள். பறவைக்கு வேண்டியது இந்தக் கலவைதான். வடக்கிலிருந்து இரவெல்லாம் பறந்து வரும் ஒரு சிறு குருவிக்கு, சேலத்துச் சமவெளிக்கு மேலே எழுந்து நிற்கும் இந்த மலை, பொழுது விடியும்போது கிடைக்கிற முதல் அடர்ந்த நிழலாக அமைந்துவிடுவதுண்டு.

புரட்டாசியிலேயே சாம்பல் வாலாட்டி வந்துவிடும். ஓடையோரக் கல்லில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நிற்கும். அடுத்துப் பச்சைக் கதிர்க்குருவிகள். பிறகு பழுப்பு ஈப்பிடிப்பான், அரசவால் ஈப்பிடிப்பான், மாங்குயில். ஐப்பசி மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து, ஒரு காலையில் மேகம் விலகி வெயில் அடிக்கும் பாருங்கள், அன்றுதான் இந்த மலையில் பறவை பார்க்க வேண்டும். மழையில் ஒடுங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் இரைதேடக் கிளம்பும். மின்சிட்டு, நெற்றியில் கரும்பட்டு ஒட்டியதுபோன்ற நீலப் பசையெடுப்பான், கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் எல்லாம் ஒரு கலப்புக் கூட்டமாகச் சேர்ந்து தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகரும். வழக்கத்தில் இல்லாத ஒரு பறவை இருந்தால் அந்தக் கூட்டத்தின் வால்பகுதியில்தான் இருக்கும். அவசரக்காரர்கள் முன்னால் போவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் எழுதிவைக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் காப்பியோடு வந்தது என்று சொல்லலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டத்துரைகள் வந்தார்கள், துப்பாக்கிகள் வந்தன, மருத்துவர்களும் வன அதிகாரிகளும் பொழுதுபோக்காகப் பறவை சேர்த்தார்கள். நெல்லூரில் மருத்துவராக இருந்த ஜெர்டன், அந்தப் பக்கத்து மலையொன்றில் கிடைத்த மஞ்சள் தொண்டைச் சின்னானை 1845-ல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1872-ல் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற பறவையியல் இதழைத் தொடங்கி, நாடு முழுவதிலுமிருந்து கடிதங்களையும் தோல்களையும் முட்டைகளையும் வரவழைத்தார். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கமிருந்து தியோபால்ட் என்பவர் அனுப்பிய குறிப்புகள் ஹியூமின் கூடு, முட்டை பற்றிய நூலில் இடம்பெற்றன.

ஆனாலும் முறையான வேலை நடந்தது 1929-ல் தொடங்கிய வெர்னே ஆய்வில்தான். ஆர்தர் வெர்னே என்ற செல்வந்தர் பணம் கொடுக்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் லாபர்சொன் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் முகாம் முகாமாக நகர்ந்து பறவைகளைச் சேகரித்தார். சேர்வராயன் மலையும் சித்தேரி மலையும் அந்த வழியில் இருந்தன. அடிவாரத்துக் குரும்பப்பட்டியும் இருந்தது. சேகரித்த தோல்களை வைத்துக்கொண்டு, பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஹியூ விஸ்லரும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கின்னியரும் 1930களில் கழகத்தின் இதழில் தொடராக எழுதினார்கள். இன்றைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறவர் யாராயிருந்தாலும் அந்தத் தொடரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சீட்டில் எழுதிய ஊரும் தேதியும் தொண்ணூறு ஆண்டுக்குப் பின்னும் பேசுகின்றன. தொலைநோக்கி கனமாகவும் மங்கலாகவும் இருந்த காலத்தில், இரண்டு கதிர்க்குருவிகளை வேறுபடுத்திச் சொல்ல அவற்றைக் கையில் வைத்து இறகை அளப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே அந்த மனிதர்களைக் கொலைகாரர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மனம் ஆறாத விஷயம் வேறு. சீட்டில் சேகரித்தவர் பெயர் உண்டு, வழி காட்டியவர் பெயர் கிடையாது. எந்த ஓடையில் எந்தப் பறவை தண்ணீர் குடிக்க இறங்கும், எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பதெல்லாம் மலை மக்களுக்குத்தான் தெரியும். முகாமிட்டவர்கள் சில வாரங்கள் தங்கிவிட்டு அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சில வாரங்களில் வந்த பறவை மலையின் பட்டியலில் ஏறியது. அவர்கள் கூடாரத்தைச் சுருட்டிய மறுநாள் வந்திறங்கிய பறவை ஏறவில்லை. மலையிலேயே இருந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இடைக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1941-ல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம் வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கி எடுத்துக்கொண்டு குருவி சேர்க்கும் காலம் முடிந்தது. ஆனால் ஆங்கிலப் புத்தகமும் நல்ல பைனாகுலரும் வைத்திருந்தவர்கள் வெகு சிலரே. க. ரத்னம் போன்றவர்கள் ஊர் ஊராக வழங்கிய பறவைப் பெயர்களைத் திரட்டித் தமிழில் எழுதியது அந்தக் காலத்தின் பெருங்கொடை என்பேன்.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் ஈபேர்டு தளத்தைத் தொடங்கியது. பார்த்த இடம், நேரம், எத்தனை பறவைகள் என்று யார் வேண்டுமானாலும் அதில் பதியலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. சேலத்தில் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் பறவையியல் அமைப்பு இருக்கிறது. ஒரு பள்ளி மாணவன் அப்பாவின் பழைய கைப்பேசியில் எழுதும் பட்டியலும், பேராசிரியர் எழுதும் பட்டியலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன.

அரிய பறவை விஷயத்தில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், எந்தப் பறவை எத்தனை வரை எதிர்பார்க்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சித்திரையில் ஒரு கொடிக்கால் வாலாட்டியைக் கண்டதாக நீங்கள் எழுதினால், ஈபேர்டு செயலி உங்களை நிறுத்திக் கேட்கும்: நிச்சயமாகவா, என்ன அடையாளம் பார்த்தீர்கள்? அதற்குப் பிறகு அந்த வட்டாரத்துப் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் பதிவைச் சரிபார்ப்பார். படம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறிப்பு தெளிவாக இருந்தால் போதும். விஸ்லர் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செய்த வேலையை இன்று ஒரு வங்கி ஊழியரோ ஆசிரியையோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் செய்கிறார். 2021-ல் மெர்லின் என்ற இன்னொரு செயலி குரலைக் கேட்டே பறவையைச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. பழகுகிறவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் செயலி சொன்னது என்பதற்காக மட்டும் ஒரு அரிய பறவையைப் பட்டியலில் சேர்ப்பது தவறு. கண்ணால் பார்த்து, எதனால் அது வேறு பறவை அல்ல என்று ஒரு வரியாவது எழுதத் தெரிந்த பிறகு சேர்க்கட்டும்.

இந்த மலையில் ‘அரிது’ என்பது இரண்டு விதம். ஒன்று, மற்ற ஊரில் கிடைக்காமல் இங்கே நிலையாக இருப்பது. ஜெர்டனின் மஞ்சள் தொண்டைச் சின்னான் அப்படிப்பட்டது. தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று சர்வதேசப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தலையும் தொண்டையும் மஞ்சள், உடல் சாம்பல், வால் நுனியில் வெளிர் மஞ்சள். பாறையும் முட்புதரும் கலந்த சரிவுதான் அதன் வீடு. காப்பித் தோட்டத்துக்குள் தேடினால் கிடைக்காது. மலையின் கீழ்ச் சரிவுகளில், காரில் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துபோகும் இடங்களில் இருக்கிறது. யாருக்கும் உதவாத கரடு என்று நாம் நினைக்கும் நிலத்தைத்தான் அது நம்பியிருக்கிறது. அதே நிலத்தைத்தான் கல்லுக்காகத் தோண்டுகிறார்கள். ஒரு பாறைக் குன்று போனால் மரம் நட்டு அதை ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது விதம், வழிப்போக்கர்கள். ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில் இரவில் பறந்து தெற்கே வரும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்தில் மயங்கி வீட்டுக்குள் வந்து விழுவதும், கண்ணாடியில் மோதிக் கிடப்பதும் ஒவ்வொரு ஐப்பசியிலும் தமிழ்நாட்டு ஊர்களில் நடக்கிறது. நாகலூர்த் தோட்டமொன்றில் நான் பார்த்தது காப்பிச் செடிக்கு அடியில், கையெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால். நிழலில் வெறும் பழுப்புப் பந்தாகத் தெரிந்தது. ஒரு கீற்று வெயில் விழுந்ததும் முதுகின் பச்சை, சிறகின் பளிச்சென்ற நீலம், கண்ணின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை, வயிற்றின் குங்குமச் சிவப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டு தாவல், ஒரு நிதானம், அலகால் ஒரு சருகைப் புரட்டி எறிதல், அடியில் இருந்த புழுவை எடுத்தல், மறுபடி இரண்டு தாவல். வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவர் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்: “சருகைக் கூட்டாத இடத்துலதாங்க சார் இது நிக்கும். அந்தப் பக்கம் சுத்தமா வழிச்சுட்டாங்க, அங்க வராது.”

அவர் சொன்னது முழு உண்மை. ஆறுமணிக்குருவிக்கும் பூங்குருவிகளுக்கும் இமயத்திலிருந்து வரும் நீலச் சிட்டுக்கும் சருகுதான் சாப்பாட்டு இலை. இன்று ஏற்காட்டில் பூங்கா என்றால் கத்தரித்த புல்தரை, வெட்டி உருட்டிய செடி, ஒரு காய்ந்த இலைகூட இல்லாத பாதை. கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்கு அது அழகு. இலங்கையில் நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவைப் பாருங்கள். அதுவும் நகர நடுவில் உள்ள பூங்காதான். பூப்படுகையும் புல்தரையும் அங்கும் உண்டு. ஆனால் ஓடையோரமாக மரமடர்ந்து ஈரமாகக் கிடக்கும் பகுதிகளில், காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றைப் பார்க்கவென்றே பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இமயத்தில் குஞ்சு பொரித்து இலங்கைக்குப் போகும் அந்தப் பூங்குருவி தென்னிந்தியாவைக் கடந்துதான் ஆகவேண்டும். இரவு எங்கே இறங்கும், விடிந்ததும் எங்கே தின்னும்? ஏற்காட்டில் பூங்காவையும் ஏரிக்கரையையும் பராமரிக்கிறவர்கள் ஒரு மூலையைக் கூட்டாமல், வெட்டாமல் விட்டுவைத்தால் பணச்செலவு ஒன்றும் இல்லை. கூட்டுகிற கூலி மிச்சம்.

காப்பித் தோட்டங்களும் மாறிவிட்டன. முன்பு காட்டு மரங்களின் நிழலில் காப்பி நின்றது. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பரவியது. நேராக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், தேவைப்பட்டால் வெட்டி விற்கலாம். விவசாயியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அது பூக்கும்போது தேன்சிட்டுகள் மொய்க்கின்றன என்பதும் உண்மை. ஆனால் பழம் தராது. ஓர் அத்தி பழுத்தால் குக்குறுவான், பச்சைப்புறா, மாங்குயில், சின்னான் என்று நாள் முழுக்க வந்து போகும். அந்த அத்தியை வெட்டிய இடத்தில் பத்து சில்வர் ஓக் நின்றாலும் அந்தக் கூட்டம் திரும்பி வராது. பழைய பலாவையும் அத்தியையும் வெட்டாமல் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் நாகலூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பறவைக்காரர்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ‘உங்கள் மரத்தில் இன்று இதைப் பார்த்தோம்’ என்று பட்டியலைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். சில பேர் மதில் ஏறிக் குதித்துப் படமெடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், வெட்கக்கேடு.

அடிவாரத்து நீர்நிலைகளையும் சொல்லாமல் விட முடியாது. மலையில் பெய்யும் மழை கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு வருகிறது. குப்பைமேடாகக் கிடந்த அந்த ஏரியைச் சேலம் மக்கள் 2010-ல் கூடித் தூர்வாரினார்கள். தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகளில் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியோ வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிப் போனது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு மாவட்டத்தின் நீர்ப்பறவைக்குப் புதிய பரப்பு கிடைத்தது உண்மை. ஆனால் ஆழமான அணைநீர் வேறு, முழங்கால் அளவு நீரும் சேறும் உள்ள ஏரி வேறு. உள்ளானும் உப்புக்கொத்தியும் அணையின் நடுவில் நின்று மேய முடியாது. நீர் வற்றிய விளிம்பில்தான் அவற்றுக்கு இடம்.

குரும்பப்பட்டிக்குத் திரும்புகிறேன். வெர்னே ஆய்வின் சீட்டுகளில் இடம்பெற்ற அந்த அடிவாரத்தில் இப்போது வனத்துறையின் உயிரியல் பூங்கா இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து கூண்டில் இருக்கும் மயிலையும் வெளிநாட்டுக் கிளியையும் பார்க்கிறார்கள். கூண்டுக்கு வெளியே, வேலியோரப் புதரில், லாபர்சொன் தோலுரித்து அனுப்பிய அதே இனங்களின் வழித்தோன்றல்கள் கத்திக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளை ஒரு பத்து நிமிடம் அங்கே நிறுத்தி, காது கொடுத்துக் கேட்கச் சொல்லி, கண்டதை எழுதச் சொன்னால் போதும். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு பள்ளி அதைச் செய்தால், 1929-ன் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்க ஆவணம் ஒன்று சில ஆண்டுகளில் சேர்ந்துவிடும்.

மேலே நாகலூரிலும் இதுவே வேண்டும். சனி ஞாயிறில் வந்து போகிறவர்கள் ஏற்காடு ஏரியைச் சுற்றிக் கண்டதை எழுதுகிறார்கள். அது நல்லது, தொடரட்டும். ஆனால் வழிப்போக்குப் பறவை சனிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. செவ்வாய்க்கிழமை விடிகாலை இறங்கி, புதன் இரவே தெற்கே கிளம்பிவிடும். அதைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள், தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், பால் எடுத்துக்கொண்டு நடக்கிறவர்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். நூறாண்டுக்கு முன் இவர்கள் முன்னோர்தான் வழி காட்டினார்கள், பெயர் வேறொருவருடையதாக இருந்தது. இப்போது பட்டியலின் மேலே எழுதுகிறவரின் பெயர் தானாக விழுகிறது. மழைக்காலத்தில் சிக்னல் நின்றுபோனாலும் எழுதியதைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பலாம். ஈபேர்டு செயலியில் பறவைப் பெயர்களைத் தமிழிலேயே பார்க்கலாம். சருகைப் பற்றி என்னிடம் சொன்ன அந்தப் பெரியவரின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கைப்பேசியில் செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டு, முதல் பட்டியலை அவளையே எழுதச் சொன்னேன். தாத்தா பெயரையும் குறிப்பில் எழுதலாமா என்று கேட்டாள். எழுதச் சொன்னேன்.